பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

அக்காவின் முன்கையில் தோல் வெந்து உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவோ கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இது என்னக்கா?"

"எது?"

தங்கை அவள் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பட்டை அகலத்துக்குச் சிவந்து, ஓரத்தில் வெள்ளையாகக் கொப்புளம் கட்டியிருந்தது. வேலையிடத்துச் சூட்டு உருளையின் விளிம்பு பட்டால் அப்படித்தான் ஆகும். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பதுபோல அக்கா அதைப் பார்த்தாள்.

"ஓ. காலையிலயே பட்டிருக்கும்போல."

"வலிக்கலையா?"

"வலி இருக்கு. பாத்துக்கிட்டிருக்கேன்."

அதற்குள் கரண்டி கிடைத்துவிட்டது. சாப்பிட ஆரம்பித்தாள்.

தங்கை தட்டைத் தள்ளிவைத்தாள். இது அக்காவே இல்லை. அக்கா என்றால், காலில் கல் தடுக்கினால் கல்லைத் திட்டி, அதைப் போட்டவனைத் திட்டி, அவனைப் பெற்றவர்கள் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வருவாள். அவள் வாயைக் கேட்டுத்தான் தங்கை வளர்ந்தாள். அந்த வாய்தான் வீட்டில் இருந்த ஒரே சொத்து.

ஊரிலிருக்கும் பெரிய மருத்துவமனைகளின் துணியெல்லாம் அவர்கள் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சைக்குப் போர்த்துகிற பச்சைத் துணி. ஒரு கோடியில் அழுக்கு இறங்கும். பிரிக்கும் மேசைக்குப் போகும், பீப்பாய் பீப்பாயாக நிற்கிற மெஷின்களில் வெந்து சுழலும், கடைசியில் உருளைக்கு வரும். உருளை என்பது உள்ளே நீராவி ஓடுகிற நீளமான இரும்பு. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈர விரிப்பை அதன் வாயில் கொடுத்தால், அந்தப் பக்கம் காகிதம் மாதிரி வெளியே வரும். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அக்கா அந்த வாய்க்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை கல்லூரிக்குப் போனது அந்தச் சம்பளத்தில்தான். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கிவிட்டு எங்கே வந்தாள்? அதே கூடத்துக்கு. உருளைக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், வெளியே போகிற துணியில் கறை கிழிசல் பார்த்து அனுப்புகிற வேலை. கூடத்தில் அவளுக்குப் பெயர் டிகிரி.

அந்தப் பெயரை வைத்தவள் ரேடியோ. பிரிக்கும் மேசைக்காரி. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் கைகழுவும்போதுதான் மூடுவாள். "டிகிரி, அது என்ன கறைன்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா, இல்ல நாங்க மோந்து பாத்துச் சொல்லணுமா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். மெஷின் சத்தத்தையும் மீறிக் கூடமே சிரிக்கும்.

டிகிரிக்குக் கல்லூரியில்தான் யோகா பிடித்துக்கொண்டது. சான்றிதழுக்காகச் சேர்ந்தவள், அந்த ஆசிரியையிடம் மாட்டிக்கொண்டாள். பாதி வருஷம் வரைக்கும் யாரையும் குனியவே விடவில்லை அந்த அம்மா. ஒரு வாரம் யாரையும் நோகடிக்காமல் இருங்கள், அடுத்த வாரம் பொய் சொல்லாமல் இருங்கள், அதற்கடுத்த வாரம் கொடுக்காததை எடுக்காமல் இருங்கள், பிறகு பாயை விரிக்கலாம் என்றார். விரிக்கவே முடியாது போலிருந்தது. உடம்பை வளைக்க வந்தால் வாயைக் கட்டுகிறாரே என்று டிகிரி கொதித்தாள். மெதுவாகத்தான் உறைத்தது. நோகடிக்கக் கூடாதவர்களில் தானும் ஒருத்தி. பொய் சொல்லக் கூடாத ஆட்களில் தன் முதுகெலும்பும் உண்டு. அதிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து, அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே பாயை விரித்துவிடுவாள். கோபம் குறைந்ததா என்றால் இல்லை. எந்தக் கோபம் தன்னுடையது, எது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது, அவ்வளவுதான். அக்கா படுக்கையில் புரண்டபடியே முனகுவாள். "நான் அங்க துணியைப் பிழியறேன், இவ இங்க உடம்பைப் பிழியறா. காயப் போட மறந்துடாதடி."

கூடத்துக்கு யோகாவைக் கொண்டுவரச் சொன்னதே டிகிரிதான். அதுதான் அவளை உறுத்தியது. போன கோடையில் பெண்களெல்லாம் சேர்ந்து மேனேஜரிடம் போனார்கள். முதுகு வலி, வெக்கை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காப்புப் பலகை. உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு பலகை இருக்கிறது. விரல் பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். அடிக்கடி நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று அதைத் தூக்கிக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். "அதை அவுத்துவிடுங்க சார், இல்ல நீங்க வந்து ஒரு நாள் கைய குடுத்துப் பாருங்க," என்றாள் ரேடியோ. மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படிச்ச பொண்ணு நீ என்னம்மா சொல்ற?" என்று டிகிரி பக்கம் திரும்பினார். அவளும் மதிப்பாகக் கேட்கிறாரே என்று, முதுகுக்கு யோகா நல்லது சார் என்று சொல்லித் தொலைத்தாள். மேனேஜர் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். கம்பியை அவிழ்ப்பதைவிட ஸ்பீக்கர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஆசிரியர் யாரும் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. காலையில் வேலை தொடங்குமுன் துணி அடுக்கும் அறையை ஒதுக்கி, பழைய விரிப்புகளைத் தரையில் போட்டு, எல்லோரையும் உட்காரவைத்து ஸ்பீக்கரை முடுக்கிவிடுவார்கள். டிகிரிக்கு வீட்டிலேயே ஆகிவிடுவதால் அவள் போவதில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அரைகுறையாகக் கேட்கும். ஆண் குரல் என்று ஒருத்தி சொல்வாள், பெண் குரல்தான் என்று இன்னொருத்தி சாதிப்பாள். தூங்கப்போகும்போது போர்த்திவிடுகிற மாதிரியான குரல். மூச்சை உள்ளே இழுங்கள். வெளியே விடுங்கள். நன்று. மறுபடியும். சூடு வருகிறது, வரட்டும். வலி வருகிறது, வரட்டும். அவை உங்களுடையவை அல்ல. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பவர் மட்டுமே.

இரண்டு மாதத்தில் முறையீடு நின்றது. பிறகு சண்டை நின்றது. அப்புறம் ஒரு நாள் ரேடியோ நின்றுபோனாள்.

அதை டிகிரி எப்படிக் கவனித்தாள் என்றால், மத்தியானம் தன் பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்த சத்தம் தனக்கே கேட்டது. அந்தக் கூடத்தில் பேனா விழுகிற சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பிரிக்கும் மேசையில் ரேடியோ துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் லேசாகச் சிரித்தபடி ஒட்டியிருந்தன. அவள் தோள் ஏறியது, இறங்கியது. பக்கத்திலிருந்தவள் தோளும் அப்போதே ஏறி அப்போதே இறங்கியது. தள்ளுவண்டிக்காரியும் அப்படித்தான். உருளையில் அக்காவும் அப்படித்தான். கூடம் முழுக்க ஒரே மூச்சு. பெரிய பிராணி ஒன்று தூங்குவதுபோல இருந்தது.

அக்காவின் கை வெந்த அன்று இதெல்லாம் சேர்ந்து வந்து டிகிரியின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அவள் வீட்டில் பாயை விரிக்காமல், அக்காவோடு சீக்கிரமே கிளம்பிப் போய் அடுக்கும் அறையின் வாசலில் நின்றாள்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. ரேடியோவின் முகத்தில் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. இமை ஓரத்துக்கு வந்து நின்று, மூடிய கண்மேல் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இமை துடிக்கவில்லை.

"உள்ளே இழுங்கள்," என்றது குரல். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. ஸ்பீக்கர் செத்தது. மேலே விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு உள்ளே போய் நின்றது. பிறகு எல்லோரும் சேர்ந்து வெளியே விட்டார்கள். கொஞ்சம் பொறுத்து எல்லோரும் சேர்ந்து வலது கையை உயர்த்தினார்கள். இறக்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரோ சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் செய்வதுபோலவே இருந்தது, சொல்கிறவர்தான் இல்லை. கடைசியில் ஒரே நொடியில் எழுந்து, விரிப்புகளை ஒரே மாதிரி மடித்து, அவளைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒருத்தி தோள்கூட அவள்மேல் இடிக்கவில்லை.

மின்சாரம் வந்தது. "நன்று," என்றது ஸ்பீக்கர், காலி அறையிடம்.

அப்போதுதான் டிகிரிக்குத் தன் நெஞ்சு தெரிந்தது. ஏறிக்கொண்டிருந்தது, கூடத்தோடு சேர்ந்து. வலுக்கட்டாயமாக இருமி அந்த மூச்சை உடைத்தாள்.

நேரே மேனேஜரிடம் போனாள். அவர் கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் ஒரு நாளும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்ததில்லை.

"சார், அந்தப் பயிற்சிய நிறுத்தணும்."

"நீதானம்மா வேணும்னு சொன்ன."

"நான் சொன்னது இது இல்ல. இதுல முதல் படியெல்லாம் இல்லவே இல்ல. முதல்ல நோகடிக்காம இருக்கணும், உண்மை பேசணும். அதுக்கப்புறம்தான் உடம்பு, அதுக்கப்புறம்தான் மூச்சு. புலன உள்ள இழுக்கறதெல்லாம் அதுக்கும் அப்புறம் வர்றது. இவங்களை எடுத்த உடனே அங்க கொண்டு போய் இறக்கிவிட்டுட்டீங்க."

"முதல் படியெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா எப்பம்மா வேலைக்குப் போறது?"

"எங்கக்கா கை வெந்திருக்கு, சார். அவளுக்கே தெரியல."

"அவங்க வந்து சொல்லலையே." பந்தைப் பிசைந்தார். "இந்த மாசம் ஒரு முறையீடு இல்ல, ஒரு சத்தம் இல்ல. முன்னெல்லாம் எனக்கு ராத்திரி தூக்கமே கிடையாது, தெரியுமா? நீ கொஞ்சம் டென்ஷனா இருக்க. நீயும் போய் அவங்களோட உக்காரேன்."

உங்கள் தூக்கத்துக்கு எங்கள் தோலா சார் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த வேலையும் அவளுக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் அறையில் அக்காவின் கைக்கு மருந்து தடவினாள். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தினாள். அக்கா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா."

"யாரை?"

"என்னை. அந்த மேனேஜரை. உருளையை. யாரையாவது திட்டேன்."

அக்கா சிரித்தாள். ரேடியோவின் உதட்டில் ஒட்டியிருந்த அதே சிரிப்பு. "எனக்குக் கோபமே வர்றதில்லடி. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? இத்தனை வருஷம் முதுகு, காலு, கையின்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா என்கிட்ட வந்து அழுதுக்கிட்டே இருந்துச்சு. இப்ப எல்லாம் தூரத்துல, யார் வீட்டுலயோ நடக்கற மாதிரி இருக்கு. நீ படிச்ச. உனக்கு நாற்காலி கிடைச்சுது. எனக்கு இது கிடைச்சிருக்கு. இதை ஏண்டி என்கிட்டேந்து பிடுங்கப் பாக்கற?"

தங்கை மருந்தை மூடி வைத்தாள். கொடுக்காததை எடுக்காதே என்பதும் அந்த முதல் படிகளில்தானே இருக்கிறது. அக்காவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஓய்வை எடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். பிறகு, ஓய்வு எடுப்பவளின் தோல் ஏன் இப்படி உரிந்து தொங்க வேண்டும் என்றும் நினைத்தாள். பக்கத்துப் படுக்கையில் அக்காவின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. இதே நேரம் ஊரின் எத்தனை வீடுகளில் இதே மூச்சு ஏறி இறங்குகிறதோ என்ற நினைப்பு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் முற்பகலில் அது நடந்தது.

டிகிரி ஒரு விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கறை பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் சட்டைக்கை விரிப்பின் மடிப்போடு சேர்ந்து உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது. அந்த மெஷின் அவசரப்படாது. அக்கா கையை இழுக்கவில்லை. கை போகும் பாதையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் நின்றவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துகிற சிவப்புக் கயிறு அவள் காதுக்குப் பக்கத்தில் தொங்கியது. பிரிக்கும் மேசையிலிருந்து ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். கூடமே மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, பார்த்துக்கொண்டிருந்தது.

டிகிரி எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கயிற்றை இழுத்தாள். உருளை உறுமி நின்றது. சட்டைக்கையைக் கிழித்து அக்காவின் கையை வெளியே எடுத்தாள். விரல்கள் இருந்தன. நான்கின் நுனியும் வெந்து வெளுத்திருந்தது.

கூடம் மூச்சை வெளியே விட்டது.

அக்கா கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் போகவில்லை. டிகிரி அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அதையும் இவர்கள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆசிரியை பாதி வருஷம் மாரடித்த படி ஒன்று மிச்சம் இருந்தது. அதைத்தான் பிடித்தாள்.

"அக்கா, பொய் சொல்லாம ஒண்ணு சொல்லு. வலிக்குதா?"

"வலி இருக்கு."

"யாருக்கு?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ பாக்கறது சரி. யாருக்கு வலிக்குது? எனக்கு இல்ல, என் விரலு நல்லா இருக்கு. மேனேஜருக்கு இல்ல. இது யாரு கை?"

அக்கா யோசித்தாள். தொலைந்த பொருளுக்கு அடையாளம் கேட்டால் யோசிப்பதுபோல. மூச்சு உள்ளே போனது. கூடத்தின் மூச்சும் போனது. வெளியே வர வேண்டிய நேரத்தில் அக்காவின் மூச்சு வரவில்லை. தொண்டையில் எங்கேயோ தட்டுத்தடுமாறி நின்றது. முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது.

"எனக்கு," என்றாள். பிறகு மூச்சு முழுக்க உடைந்து வந்தது. "எனக்கு வலிக்குது."

"எனக்கு வலிக்குது," என்றது கூடம்.

டிகிரி திரும்பிப் பார்த்தாள். பிரிக்கும் மேசையில், மெஷின்களுக்கு நடுவில், தள்ளுவண்டிக்குப் பின்னால், எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எல்லோர் வாயும் ஒரே அளவு திறந்து ஒரே நேரத்தில் மூடியது. மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. "எனக்கு வலிக்குது." ஒரே குரல். ஏற்றம் இல்லை, அழுகை இல்லை. ரேடியோவின் கன்னத்தில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவளைக் கேட்காமலேயே.

மேனேஜர் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன இது? யாரு மெஷினை நிறுத்தினது?" யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு வலிக்குது" என்ற அந்தச் சத்தம் இரும்புக் கூரையில் பட்டு இறங்கியது. அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அடுக்கும் அறைக்கு ஓடி, ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் முடுக்கினார்.

"மூச்சை உள்ளே இழுங்கள்," என்றது குரல், போர்த்திவிடுகிற மாதிரி.

இழுத்தார்கள்.

"வெளியே விடுங்கள்."

"எனக்கு வலிக்குது."

"நன்று," என்றது குரல். "மறுபடியும்."

மேனேஜர் ஸ்பீக்கரைத் தட்டினார். வயரைப் பிடுங்கினார். குரல் நின்றது, அவர்கள் நிற்கவில்லை. நடக்க ஆரம்பித்தார்கள். ஓடவில்லை, தள்ளிக்கொள்ளவில்லை. உருளையின் முன்னால் வந்து அரைவட்டமாக நின்றார்கள். ரேடியோ கையை நீட்டிக் காப்புப் பலகையைக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்தாள். பக்கத்திலிருந்தவளும் பிடித்தாள். எட்டியவர்கள் எல்லோரும் பிடித்தார்கள். மூச்சை வெளியே விடும்போது இழுத்தார்கள். கம்பி விரல்களை அறுத்திருக்கும். விடவில்லை. அடுத்த மூச்சுக்கு அது அறுந்தது. பலகை தடாலென்று தன் இடத்தில் விழுந்தது.

மேனேஜர் அடுக்கும் அறை வாசலுக்கு வந்தார். தன் கையைப் பார்த்தார். ரப்பர் பந்து அதில் இல்லை. எங்கே விட்டோம் என்று தேடுவதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குழாயடியில் டிகிரி அக்காவின் விரல்களைத் தண்ணீருக்கு நேரே பிடித்திருந்தாள். திடீரென்று அந்தக் கை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"மெதுவாடி சனியனே, எரியுது," என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். "எவன்டி அந்தப் பலகையைத் தூக்கிக் கட்டினவன்? அவன் கைய கொண்டாந்து இதுல விடு, நான் பாக்கறேன். அவன் அப்பன் கையையும் சேத்துக் கொண்டா."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சொல்லுக்கா, இன்னும் சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள். உருளையின் பக்கம் எல்லோரும் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அக்காவின் தோளும் ஏறியது, தங்கையின் நெஞ்சும் ஏறியது. தங்கை தன் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டாள், இருமிப் பார்த்தாள். இந்த முறை அந்த மூச்சு உடையவில்லை.